சுவிசேஷத்தோடு சேர்ந்து போகும் கிருமி

போன வருடம் ஒரு வாலிபர் முகாமில் சுகாதார வகுப்பு எடுக்கப் போயிருந்தேன். வகுப்பு முடிந்து எல்லோரும் சாப்பாட்டுக்குப் போன பிறகு ஒரு தம்பி தயங்கித் தயங்கி வந்தான். பொறியியல் கடைசி வருடம் படிக்கிறவன். "அக்கா, எனக்கு அந்தமான் மேல ஒரு பாரம் இருக்கு. சென்டினல் தீவு ஜனங்களுக்காக ரெண்டு வருஷமா ஜெபிக்கிறேன். அங்க போகணும்னா என்னென்ன தடுப்பூசி போட்டுக்கணும்?" என்று கேட்டான்.

அவன் விளையாட்டாகக் கேட்கவில்லை. தடுப்பூசி பற்றி யோசித்ததே தன் பொறுப்புணர்வுக்கு அடையாளம் என்று நினைத்திருந்தான். அன்று அவனோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினேன். சொன்னதையும், அன்று சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். ஏனென்றால் இதே கேள்வியை வேறு சபைகளிலும் பிள்ளைகள் மனசுக்குள் வைத்திருப்பார்கள்.

நான் பொது சுகாதார மருத்துவர். தாத்தா உபதேசியார். மிஷனரிகள் தொடங்கிய பள்ளிக்கூடம் இல்லாவிட்டால் என் அம்மா எழுத்தே படித்திருக்க மாட்டார். ஊழியத்தின் மேல் வெறுப்பு வைத்து நான் இதை எழுதவில்லை. என் படிப்பும் என் விசுவாசமும் ஒரே இடத்தில் என்னை நிறுத்துவதால் எழுதுகிறேன்.

2018 நவம்பரில் ஜான் ஆலன் சாவ் என்ற 26 வயது அமெரிக்க இளைஞர், வெளியுலகத் தொடர்பே இல்லாமல் வாழும் பழங்குடி மக்களின் வட சென்டினல் தீவுக்குச் சுவிசேஷம் சொல்லப் போனது பலருக்கு நினைவிருக்கும். அந்தமானின் தலைநகரான போர்ட் பிளேருக்கு (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) மேற்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டரில் இருக்கிறது அந்தத் தீவு. பரப்பளவு சுமார் 60 சதுர கிலோமீட்டர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தூரத்தில் இருந்து பார்த்து எண்ண முடிந்தது 15 பேரைத்தான். உண்மையில் 50 பேர் இருக்கலாம், 100 பேரும் இருக்கலாம். 1956இல் வந்த பழங்குடிகள் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் கரையிலிருந்து 5 கடல் மைல் தூரத்துக்குள் யாரும் போகக்கூடாது. அவர் மீனவர்களுக்கு 25,000 ரூபாய் கொடுத்து இரவில் படகில் போனார். மீன், கத்தரிக்கோல், ஊக்கு, கால்பந்து என்று பரிசுகளும் எடுத்துப்போனார். கரையோரம் நின்று பாடினார். ஒரு சிறுவன் விட்ட அம்பு அவர் கையிலிருந்த வேதாகமத்தில் தைத்தது. அப்படியும் மறுநாள் திரும்பப் போனார். 17ஆம் தேதி காலையில் அவருடைய உடலைக் கரையில் புதைப்பதை மீனவர்கள் தூரத்திலிருந்து பார்த்தார்கள்.

இந்தச் செய்தி வந்தபோது ஒரு பக்கம் அவரை ரத்தசாட்சி என்றார்கள், இன்னொரு பக்கம் கேலி செய்தார்கள். எனக்கு இரண்டுமே தாங்கவில்லை. தான் செத்தால் அந்த மக்கள் மேல் கோபப்படாதீர்கள் என்று பெற்றோருக்கு எழுதி வைத்துவிட்டுப் போன பிள்ளை அவர். அவருக்கு அவர்கள்மேல் அன்பு இருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மருத்துவராக என் மனதை அறுப்பது வேறொரு விஷயம். அவர் தடுப்பூசிகள் போட்டிருந்தார். யாருக்கும் நோய் கொண்டுபோய்விடக் கூடாது என்று போர்ட் பிளேரில் 11 நாள் தனியாக அடைந்து கிடந்தார். அது போதும் என்று அவர் நம்பினார், அவரைப் பயிற்றுவித்து அனுப்பியவர்களும் நம்பினார்கள்.

அது போதவே போதாது. ஏன் என்று சொல்கிறேன்.

தட்டம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முறை வந்தால் ஆயுளுக்கும் எதிர்ப்பு சக்தி வந்துவிடும். அதனால் அந்த வைரஸ் உயிரோடு நிலைக்க ஓயாமல் புதுக் குழந்தைகள் பிறந்துகொண்டே இருக்கும் பெரிய ஜனத்தொகை வேண்டும், லட்சக்கணக்கில் வேண்டும். 100 பேர் வாழும் தீவில் அது ஒரே மூச்சில் எரிந்து அணைந்துவிடும். ஆகவே தனியாக வாழும் சிறு குழுக்களுக்குத் தட்டம்மை, இன்புளுயன்சா, பொன்னுக்குவீங்கி எதுவுமே பழக்கமில்லை. நம் ஊரில் 9 மாதத்திலும் ஒன்றரை வயதிலும் தட்டம்மை ஊசி போட்டுவிடுகிறோம். அவர்களில் பாட்டி முதல் கைக்குழந்தை வரை ஒருவருக்கும் அந்தப் பாதுகாப்பு கிடையாது.

சரி, நமக்குக் காய்ச்சல் இல்லையென்றால் கொடுக்கவும் முடியாதே என்று கேட்பீர்கள். நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸ் என்ற பாக்டீரியா, ஒரு தொந்தரவும் இல்லாத ஆட்களின் மூக்கிலும் தொண்டையிலும் வாரக்கணக்கில் குடியிருக்கும். உதட்டோரம் கொப்புளம் வரவைக்கும் ஹெர்பிஸ் வைரஸ் ஒருமுறை உள்ளே போனால் நரம்பிலேயே சாகும்வரை தங்கும், அவ்வப்போது எச்சிலில் வெளியேறும். 11 நாள் இல்லை, 11 மாதம் அறைக்குள் இருந்தாலும் அது போகாது. தடுப்பூசி என்பது பெரும்பாலும் போட்டவரைக் காக்கிற கவசம்தான். போட்டவர் தொண்டையில் உட்கார்ந்திருக்கும் எல்லாக் கிருமியையும் அது துடைத்தெடுப்பதில்லை. அப்புறம் இன்னொன்று. 11 நாள் தனிமையில் இருந்துவிட்டு, அவர் ஏறியது மீனவர்களின் படகில். ஒரு இரவு முழுக்க அவர்களோடு மூச்சுக் காற்றைப் பகிர்ந்துகொண்ட நிமிடமே அந்தத் தனிமைக்கு அர்த்தம் போய்விட்டது. கையில் எடுத்துப்போன மீன் எத்தனை கை மாறி வந்ததோ.

அந்தத் தீவுக்கே இதில் கசப்பான அனுபவம் உண்டு. 1880இல் மாரிஸ் விடல் போர்ட்மன் என்ற ஆங்கிலேய அதிகாரி அங்கிருந்து ஒரு வயதான கணவன் மனைவியையும் நான்கு குழந்தைகளையும் பிடித்துப் போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்தார். வந்த வேகத்தில் எல்லோருக்கும் நோய் கண்டது. பெரியவர்கள் இரண்டு பேரும் செத்துப்போனார்கள். குழந்தைகளை நிறையப் பரிசுப் பொருட்களோடு தீவில் திரும்ப விட்டுவிட்டார்கள். அந்தப் பிள்ளைகள் பரிசோடு வேறு என்ன கொண்டுபோனார்கள், அதற்குப் பிறகு அந்தக் கரையில் எத்தனை பேர் செத்தார்கள் என்று எழுதிவைக்க யாரும் இல்லை. வெளியாள் என்றால் அம்பை எடுக்கிறார்களே என்று ஆச்சரியப்படுகிறவர்களிடம் நான் இந்த ஆறு பேரைப் பற்றித்தான் முதலில் சொல்வேன்.

பக்கத்துத் தீவுகளில் நடந்தது எழுத்திலேயே இருக்கிறது. 1858இல் ஆங்கிலேயர்கள் கைதிகள் குடியிருப்பை அமைத்தபோது கிரேட் அந்தமானியர்கள் என்ற பழங்குடியினர் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். 1877இல் தட்டம்மை வந்தது. மேகநோய், இன்புளுயன்சா என்று வரிசையாக வந்தன. 1901 கணக்கெடுப்பில் 625 பேர். 1961இல் 19 பேர். அவர்களுடைய மொழிகளில் ஒன்றான போ மொழியைப் பேசிய கடைசி மூதாட்டி 2010 ஜனவரியில் இறந்தபோது அந்த மொழியும் முடிந்தது. மிச்சமிருந்த சில டஜன் பேரிலும் 2020 ஆகஸ்டில் கொரோனா கண்டது.

வெளியாட்களோடு பழகியும் அழியாமல் இருக்கிறார்களே என்று அந்தமானின் ஜாரவா பழங்குடி மக்களை இதற்கு எதிராகச் சொல்வார்கள். 1997 கடைசியில் அவர்களாகவே காட்டைவிட்டு வெளியே வர ஆரம்பித்தார்கள். 1999இல் தட்டம்மை அவர்களிடையே பரவியது. அன்று அந்த இனம் அழியாமல் தப்பியதற்குக் காரணம் பக்கத்தில் ஆஸ்பத்திரி இருந்தது, இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட ரத்தன் சந்திர கர் போன்ற மருத்துவர்கள் இருந்தார்கள். அவருக்கு 2023இல் பத்மஸ்ரீ கொடுத்தபோது நான் உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். வட சென்டினலில் ஆஸ்பத்திரி கிடையாது, அவர்கள் மொழி தெரிந்த ஒரு ஆள்கூட வெளியே கிடையாது. "இந்த மாத்திரையைச் சாப்பிடு" என்று சொல்லக்கூட வழியில்லை.

இந்த மாதிரி இடங்களில் சாவு அதிகமாவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பாடப்புத்தகத்தில் படித்தபோது எனக்கு அது உறைக்கவில்லை. நீலகிரியில் வேலை பார்த்த நாட்களில்தான் உறைத்தது.

கூடலூர் பக்கம் மேட்டில் 12 வீடுகள் கொண்ட ஒரு காட்டுநாயக்கர் குடியிருப்பு. நகரத்திலிருந்து ஒரு வாலிபர் குழு வந்தது. அரிசி, கம்பளி, பாட்டு, குழந்தைகளுக்கு விளையாட்டு என்று இரண்டு நாள் அங்கேயே தங்கினார்கள். நல்ல பிள்ளைகள். அதில் ஒரு பெண்ணுக்குக் கொஞ்சம் உடம்பு சூடு, பயண அலுப்பு என்று விட்டுவிட்டார்கள். ஊர் திரும்பிய மறுநாள் அவளுக்குச் சின்னம்மை போட்டது. யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்துக் கிராம சுகாதார செவிலியர் போன் செய்தபோது 12 வீட்டில் 9 வீடு படுத்திருந்தது. நம் வீட்டில் ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டால் அம்மா பார்த்துக்கொள்வாள், பாட்டி வேப்பிலை வைப்பாள். அங்கே அம்மாவும் பாட்டியும் பிள்ளையும் ஒரே நாளில் படுத்துவிட்டார்கள். தண்ணீர் எடுத்துவர ஆளில்லை. தேன் எடுக்கப் போகிறவர்கள் எழுந்து நிற்கவே முடியவில்லை. பெரியவர்களுக்கு வந்தால் சின்னம்மை சின்ன நோயல்ல. நிறைமாதமாக இருந்த ஒரு பெண்ணுக்கு அது நுரையீரலில் இறங்கியது. அவளைத் தூக்கிக்கொண்டு ஜீப் நிற்கும் இடம்வரை நடந்தது இன்றும் என் தோளில் இருக்கிறது.

அவள் பிழைத்தாள், குழந்தையும் பிழைத்தது. ரோடு இருந்தது, ஜீப் இருந்தது, ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் இருந்தது. அந்தக் குழுவின் தலைவருக்குப் போன் செய்து கத்தினேன். அவர் அழுதார். எங்களுக்குத் தெரியாதே டாக்டர் என்றார். தெரியாது என்பது உண்மைதான். அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தத் தம்பி என்னிடம் ஒரு நல்ல கேள்வி கேட்டான். "அப்போ நிக்கோபார்ல எப்படிக்கா?" அந்தமானுக்குத் தெற்கே இருக்கும் நிக்கோபார் தீவுகளில் மட்டும் ஊழியம் எப்படி நடந்தது என்பதுதான் அவன் கேள்வி. கார் நிக்கோபாருக்கு 1890களில் போன வேதப்பன் சாலமன் ஒரு தமிழ் உபதேசியார். மூஸ் என்ற கிராமத்தில் பள்ளிக்கூடம் வைத்தார். அங்கே படித்த நிக்கோபார்ச் சிறுவன் ஜான் ரிச்சர்ட்சன் பிற்காலத்தில் பேராயர் ஆனார், நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார், வேதாகமத்தைத் தன் தாய்மொழியில் தந்தார். இன்று நிக்கோபார் மக்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். எனக்குப் பிடித்த கதை இது. ஆனால் நிக்கோபார் மக்கள் பல நூறு வருடமாகக் கப்பல்காரர்களோடு தேங்காய் வியாபாரம் செய்தவர்கள். வந்தவர்களின் மொழி கொஞ்சம் பேசினார்கள். அவர்கள் உடம்புக்கும் வெளியாட்களின் நோய்கள் புதிதல்ல. அங்கே நோய் எதிர்த்திசையிலும் வேலை செய்தது: 1768 முதல் 1787 வரை நம் தரங்கம்பாடியிலிருந்து நன்கவுரித் தீவுக்குப் போன மொரேவிய மிஷனரிகளில் பலர் தீவுக் காய்ச்சலில் மாண்டு, கடைசியில் அந்த ஊழியத்தையே கைவிட வேண்டி வந்தது. சாலமனை அந்த ஊர் ஏற்றுக்கொண்டது, அவர் வருடக்கணக்கில் அங்கேயே வாழ்ந்தார். வட சென்டினல் மக்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்கப்போன ஹெலிகாப்டரை நோக்கியும் ஒருவர் வில்லை எடுத்தார். இதைவிடத் தெளிவாக ஒரு சமூகம் எப்படி 'வேண்டாம்' என்று சொல்லும்? உங்களை ஏற்றுக்கொள்ளாத ஊரைவிட்டுக் காலில் உள்ள தூசியை உதறிவிட்டுப் புறப்படுங்கள் என்று சீஷர்களிடம் சொன்னவரும் இயேசுதான். உலகமெங்கும் போகச் சொன்ன வசனத்தை மனப்பாடமாகச் சொல்லும் நம் பிள்ளைகளுக்கு இதையும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

பிரேசிலில் 1987 முதல் அரசின் கொள்கையே இதுதான், தனித்து வாழும் குழுக்களைத் தேடிப்போய்த் தொடர்பு கொள்ளக் கூடாது. அமேசானில் சோயே மக்களிடம் 1980களில் தங்கிய மிஷனரிகள் மருந்தும் வைத்திருந்தார்கள், நல்ல எண்ணமும் வைத்திருந்தார்கள். காய்ச்சலும் மலேரியாவும் அந்தச் சிறு கூட்டத்தில் பலரைக் கொண்டுபோயின. 1991இல் அரசு அவர்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று.

சட்டத்தை மீறினால் அடி யார்மேல் விழுகிறது என்பதையும் பாருங்கள். ஜான் ஆலன் சாவ் இறந்த பிறகு அவரை ஏற்றிப்போன மீனவர்கள் உட்பட 7 பேர் கைதானார்கள். அவர்களை விட்டுவிடுங்கள் என்று அவருடைய குடும்பமே கேட்டுக்கொண்டது. 2025 மார்ச்சிலும் ஒரு அமெரிக்க இளைஞர், அவர் மிஷனரி அல்ல, கரையில் இறங்கி ஒரு தேங்காயையும் ஒரு கோலா டின்னையும் வைத்துவிட்டு வந்து கைதானார். டின்னில் வாய் வைத்தாரா, கையில் தும்மினாரா, யாருக்குத் தெரியும்.

நாம் போகிற மலைக் கிராமங்கள் சென்டினல் இல்லை. அங்கே போகலாம், போகத்தான் வேண்டும். ஆனால் சபைகளிடம் நான் கெஞ்சிக் கேட்பது இது: புறப்படுவதற்கு மூன்று வாரம் முன்பே அந்தப் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு யார் யார் வருகிறோம் என்று சொல்லுங்கள். தட்டம்மை, சின்னம்மை ஊசி போட்டவர்களா என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். சளி, இருமல், உடம்பு சூடு, கண் வலி, எது இருந்தாலும் அந்த ஆள் வேனில் ஏறக் கூடாது, அது போதகராகவே இருந்தாலும். ராத்திரி குடிசைக்குள் தங்காதீர்கள். திரும்பி வந்தபின் யாருக்காவது காய்ச்சல் வந்தால் அன்றைக்கே சுகாதார நிலையத்துக்குப் போன் பண்ணுங்கள். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், அந்த ஒரு போன் ஒரு கர்ப்பிணியைக் காப்பாற்றும்.

அந்தத் தம்பி அன்று பதில் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டான். ஆறு மாதம் கழித்து எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. அவர்கள் சபையிலிருந்து மலைக்கு மருத்துவ முகாம் கிளம்பியிருக்கிறார்கள். புறப்படும் காலையில் அவனுக்குத் தொண்டை கரகரத்திருக்கிறது. "நான் இறங்கிட்டேன்க்கா. மருந்துப் பெட்டி எல்லாம் நான்தான் அடுக்கினேன். வேன் போனப்புறம் சர்ச்சுலயே உட்கார்ந்து அவங்களுக்காக ஜெபிச்சுக்கிட்டிருக்கேன்."