கோத்திரப்பிதா: எபிரெயத்தில் வெறும் ‘தகப்பன்’

சண்டே ஸ்கூலில் அப்போஸ்தலர் 7-ஆம் அதிகாரத்தை வாசித்துக்கொண்டிருந்தோம். ‘யாக்கோபு பன்னிரண்டு கோத்திரப்பிதாக்களைப் பெற்றான்’ என்ற இடம் வந்ததும் ஒரு பையன் கையைத் தூக்கினான். “அக்கா, கோத்திரப்பிதான்னா யாரு?” இஸ்ரவேல் ஜனத்தின் பெரிய தலைவர்கள் என்று சொல்லிவிட்டேன். அவனும் நோட்டில் எழுதிக்கொண்டான். வீட்டுக்கு வந்தபிறகு அந்தப் பதில் உறுத்திக்கொண்டே இருந்தது. அது பாதிதான் சரி. விட்டுப்போன பாதியில்தான் விஷயமே இருக்கிறது.

கோத்திரம், பிதா இரண்டுமே சமஸ்கிருதத்திலிருந்து வந்தவை. கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் இந்த இடத்தில் இருக்கும் சொல் ‘பத்ரியார்க்கேஸ்’. ‘பத்ரியா’ என்றால் ஒரு தகப்பன் வழி வந்த குடும்பம், குலம். அதன் பின்பாதி ‘தலைமை தாங்கு’, ‘தொடங்கு’ என்ற இரு பொருளும் உள்ள வினையோடு சேர்ந்தது. ஆக, குலத்துக்குத் தலைவர், குலத்தைத் தொடங்கிவைத்தவர் என்ற இரண்டு சாயலும் சொல்லுக்குள் உண்டு. ஆங்கிலத்தின் ‘பேட்ரியார்க்’ இதிலிருந்து வந்ததுதான். ‘தந்தையாட்சி’, ‘ஆணாதிக்கம்’ என்று நாம் சொல்வதற்கான ஆங்கிலச் சொல்லும் இதே வேரில் முளைத்தது.

புதிய ஏற்பாட்டில் இந்தச் சொல் நான்கே முறை வருகிறது. அப்போஸ்தலர் 2:29-இல் தாவீதுக்கு, 7:8, 9 வசனங்களில் யாக்கோபின் குமாரர் பன்னிரண்டு பேருக்கு, எபிரெயர் 7:4-இல் ஆபிரகாமுக்கு. தமிழ் வேதாகமம் தாவீதையும் ஆபிரகாமையும் ‘கோத்திரத்தலைவன்’ என்றும், பன்னிருவரைக் ‘கோத்திரப்பிதாக்கள்’ என்றும் சொல்கிறது. பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில் நாளாகமப் புத்தகங்களில் குலத்தலைவர்களைக் குறிக்க இது வருகிறது. ஆனால் ஆபிரகாமின் கதையைச் சொல்லும் ஆதியாகமத்தில் ஒரு இடத்திலும் இல்லை.

எபிரெயத்தில் அவர்களுக்கு இருக்கும் பெயர் ‘ஆவ்’. பன்மையில் ‘ஆவோத்’. அப்பா, அப்பாக்கள். அவ்வளவுதான். வீட்டில் பிள்ளை கூப்பிடுகிற சொல்லோடு ஒட்டிய சொல். ஆபிரகாம் என்ற பெயருக்குள்ளேயே அது இருக்கிறது: திரளான ஜாதிகளுக்குத் தகப்பன் (ஆதியாகமம் 17:5). யூத ரபீக்களின் போதனைத் தொகுப்பான தால்முத், ‘ஆவோத்’ என்ற பெயரை மூன்று பேருக்கு மட்டும் வைத்துக்கொள்கிறது: ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு. கூடவே நான்கு தாய்மாரையும் சொல்கிறது: சாராள், ரெபெக்காள், ராகேல், லேயாள். ‘கோத்திரப்பிதா’ என்னும்போது நம் மனதிலிருந்து இந்தப் பெண்கள் நழுவிவிடுகிறார்கள். வயிற்றுக்குள் பிள்ளைகள் மோதிக்கொண்டபோது ‘கர்த்தரிடத்தில் விசாரிக்கப்’ போனது ரெபெக்காள் அல்லவா?

சமஸ்கிருதச் சொல்லிலும் ஒரு ஆச்சரியம் இருக்கிறது. வேதகாலத்தில் ‘கோத்ர’ என்றால் பசுக்களை அடைக்கும் தொழு. வம்சம், குலம் என்ற பொருள் பிறகு வந்தது. இன்றைக்குக் கல்யாணப் பேச்சிலும் கோவில் அர்ச்சனையிலும் கேட்கிற கோத்திரம் அந்தப் பிந்தைய பொருளில்தான். ‘கோத்திரம்’ என்று தமிழ் வேதாகமம் மொழிபெயர்க்கும் எபிரெயச் சொற்கள் ‘ஷேவெத்’, ‘மத்தே’. இரண்டுக்கும் முதல் பொருள் கோல், தடி. ‘உமது கோலும் உமது தடியும் என்னைத் தேற்றும்’ என்ற 23-ஆம் சங்கீதத்தில் வரும் கோலும் அதே ஷேவெத்தான். ஒரு மொழியில் தொழு, இன்னொரு மொழியில் கோல். வாழ்நாளெல்லாம் ஆடுமாடு மேய்த்தவர்களுக்கு இந்தப் பொருத்தம் தற்செயலாக அமைந்ததுதான், ஆனாலும் எனக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது.

சரி, இந்தத் தகப்பன்மார் தேவனை எப்படி அறிந்தார்கள்? அவர்கள் கையில் வேதபுத்தகம் கிடையாது. தேவாலயம் இல்லை, மோசேயின் நியாயப்பிரமாணம் இல்லை. யாத்திராகமம் 6:3-இல் தேவன் மோசேயிடம், யேகோவா என்னும் என் நாமத்தினால் நான் அவர்களுக்கு அறியப்படவில்லை என்கிறார். பலருக்குக் குழப்பம் தரும் வசனம் இது. ஆதியாகமத்திலேயே அந்த நாமம் வருகிறதே! பெயர் காதில் விழுந்திருக்கலாம், ஆனால் வாக்குக் கொடுத்ததை நிறைவேற்றுகிறவராக அவரை அனுபவித்துப் பார்க்க அவர்களுக்குக் காலம் வரவில்லை என்று பலர் விளக்குகிறார்கள். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. ஏனென்றால் அங்கே வரும் எபிரெய வினை ‘யாதா’, அறிதல்.

‘ஆதாம் தன் மனைவியாகிய ஏவாளை அறிந்தான்’ என்பதிலும் இதே யாதாதான். தகவலாகத் தெரிந்துகொள்வதற்கு மேற்பட்ட ஒன்று அது. தமிழில் இதற்கு நல்ல சொல் இருக்கிறது: பட்டறிவு. பட்டு அறிவது. ‘பட்டாத்தான் தெரியும்’ என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்களே, அந்தப் ‘படுதல்’.

ஆபிரகாம் ஆரானை விட்டுப் புறப்பட்டபோது வயது 75. ஈசாக்கு பிறந்தபோது 100. நடுவில் 25 வருஷம். அதற்குள் பஞ்சத்துக்குப் பயந்து எகிப்துக்குப் போனார், மனைவியைச் சகோதரி என்று சொன்னார், கேராரில் அதையே திரும்பவும் சொன்னார். ‘எதினால் அறிவேன்?’ என்று தேவனிடமே கேட்டார் (ஆதியாகமம் 15:8). அந்த ‘அறிவேன்’ யாதா. தேவன் கோபித்துக்கொள்ளவில்லை, உடன்படிக்கை செய்தார். ஈசாக்கைப் பலியிடப் போன மோரியா மலையில் அதே சொல் திரும்பி வருகிறது. இம்முறை அது வருவது வானத்திலிருந்து, கர்த்தருடைய தூதனானவரின் வாயிலாக: நீ தேவனுக்குப் பயப்படுகிறவன் என்று இப்பொழுது அறிந்திருக்கிறேன். 18:19-இலும் எபிரெயம், ‘நான் அவனை அறிந்திருக்கிறேன்’ என்றுதான் தொடங்குகிறது. நம் மொழிபெயர்ப்பில் அந்த ‘அவனை’ கரைந்துபோய், அவன் என்ன செய்வான் என்பதை அறிந்திருப்பதாக ஆகிவிட்டது. தேவன் முதலில் ஆபிரகாமை அறிந்தார், அப்புறம்தான் ஆபிரகாம் அவரை அறிந்தார் என்பது தமிழில் வாசிக்கிறவருக்குத் தெரியாமலே போகிறது.

ஈசாக்கைப் பற்றி வேதம் குறைவாகவே பேசுகிறது. தகப்பன் தோண்டிய துரவுகளைப் பெலிஸ்தர் தூர்த்துவிட்டார்கள், மகன் அவற்றைத் திரும்பத் தோண்டி, தகப்பன் வைத்த அதே பெயர்களை வைத்தார். அந்த அதிகாரத்திலேயே தேவன் அவரிடமும் தனியாக வந்து பேசினார் (26:24). பின்னால் யாக்கோபு தேவனைக் குறிப்பிடும்போது ‘ஈசாக்கின் பயபக்திக்குரியவர்’ என்று ஒரு பெயரே சொல்கிறார். ‘ஆபிரகாமின் தேவனும் ஈசாக்கின் தேவனும் யாக்கோபின் தேவனும்’ என்று தேவன் என்ற சொல் மூன்று முறை திரும்ப வருவதை இதனால்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே முறை சொல்லியிருக்கலாமே. அப்பாவின் விசுவாசம் சொத்துப்போலப் பிள்ளைக்கு எழுதிவைக்கக்கூடியதாக இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, ஞானஸ்நானச் சான்றிதழை பீரோவில் வைத்திருக்கும் எனக்கு இந்த இடம் ஒவ்வொரு முறையும் குத்துகிறது.

யாக்கோபோ தகப்பனையே ஏமாற்றினவர். வெள்ளாட்டுக்குட்டித் தோலைக் கையில் சுற்றிக்கொண்டு ஆசீர்வாதம் வாங்கியவர். ஓடிப்போகிற வழியில், பெத்தேலில், கல்லைத் தலைக்கு வைத்துத் தூங்கி எழுந்து சொல்கிறார்: ‘மெய்யாகவே கர்த்தர் இந்த ஸ்தலத்தில் இருக்கிறார், இதை நான் அறியாதிருந்தேன்.’ மறுபடியும் யாதா. ஆனாலும் அன்றைக்கே அவர் பேரம் பேசுகிறார்: சாப்பாடும் துணியும் தந்து, பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்தால் கர்த்தர் எனக்குத் தேவனாயிருப்பார். பிறகு தாய்மாமன் லாபானிடம் வேலை பார்த்த 20 வருஷம், ஏமாற்றியவர் ஏமாந்துபோன 20 வருஷம். பெனியேல் என்ற இடத்தில் தேவனோடு விடியவிடியப் போராடித் தொடைச்சந்து சுளுக்கி நொண்டி நடந்தபோதுதான் பேரம் நின்றது.

இந்தச் சொல்லுக்கு நல்ல தமிழ் எது? பழைய கத்தோலிக்க ஜெபங்களில் ‘பிதாப்பிதாக்கள்’ உண்டு. இன்று கத்தோலிக்கர் கீழைத் திருச்சபைகளின் தலைவர்களை ‘முதுபெரும் தந்தை’ என்கிறார்கள், அது பதவிப் பெயர். குலமுதல்வர் என்பது கிரேக்கச் சொல்லுக்கு நெருக்கமானது, தலைமையும் தொடக்கமும் இரண்டும் அதில் இருக்கின்றன. அப்போஸ்தலர் 7-க்கு அதுவே பொருத்தம். முற்பிதா பிரசங்கங்களில் பழகிப்போன சொல். மூதாதை அழகான தமிழ், முது தாதை, ஆனால் பொதுவாக எல்லா முன்னோருக்கும் போய்விடுகிறது. ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபுக்கு என் தேர்வு ‘தகப்பன்’. நான் புதிதாகக் கண்டுபிடித்ததில்லை. ரோமர் 4-இல் ‘நம்முடைய தகப்பனாகிய ஆபிரகாம்’ என்று தமிழ் வேதாகமமே சொல்கிறது. சபையில் பேசும்போது முன்னோரான தகப்பன்மார் என்று விரித்துச் சொன்னால் போதும், பிள்ளைகளுக்கும் புரியும்.

அடுத்த வாரம் அந்தப் பையனிடம் இதைச் சொல்லி, அவன் நோட்டைத் திருத்தச் சொன்னேன். அப்புறம் ஆதியாகமம் 48:15-ஐத் திறந்து வாசித்தோம். யாக்கோபு சாகப்போகிற நேரம், எகிப்தில், பேரப்பிள்ளைகள் தலைமேல் கைவைத்துப் பேசுகிறார். தன்னை இந்நாள்வரைக்கும் ‘ஆதரித்த தேவன்’ என்று தமிழில் இருக்கிறது. எபிரெயத்தில் அந்தச் சொல் ‘மேய்த்தவர்’. வேதாகமத்தில் தேவனை மேய்ப்பராகச் சொல்லும் முதல் இடம் இதுதான். ஒரு ஆட்டைத் தேடி ராத்திரியில் அலைவது எப்படியிருக்கும் என்று தெரிந்த கிழவர் சொன்னது.