பெட்டியில் 13 பேரிங், உள்ளே உப்பு

மே மாதம் தென்மேல் பருவக்காற்று எழும்பினால் காலி, மாத்தறைப் பக்கத்துப் பாறைகளில் கால் வைக்க ஏலாது. கொழும்பிலிருந்து தூண்டில் போடப் போகிறவர்கள் திருகோணமலைக்குத் திரும்பிவிடுவார்கள். அந்தப் பருவம் முடிந்த கையோடு தூண்டில் நூல் சுற்றும் ரீல்கள் எங்கள் திருத்து மேசைக்கு வரிசையாக வரும். கடைசியாக வந்ததைப் பார்த்தால் வெளியே புதுச்சாமான். பக்கவாட்டில் தங்க நிறத்தில் ‘12+1’. மூடியைக் கழற்றினால் கிரீஸ் பால்தேத்தண்ணி நிறத்தில் கிடக்கிறது. பினியன் என்ற சின்னக் கியரின் பேரிங் மணிகள் துருப்பிடித்து இறுகிவிட்டன. வாங்கி ஆறு மாதமும் ஆகவில்லை. “13 பேரிங் உள்ள ரீல் எப்படிப் பழுதாகும்?” என்று கேட்கிறார்கள். இதற்கு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது.

பேரிங் எண்ணிக்கை பலத்தைக் காட்டும் அளவு இல்லை. ஸ்பின்னிங் ரீலில் உண்மையில் பாரம் தாங்கும் இடங்கள் சில மட்டுமே. பெரிய கியரின் இரு பக்கமும் இரண்டு, பினியனுக்கு ஒன்றோ இரண்டோ, நூல் ஓடும் லைன் ரோலரில் ஒன்றோ இரண்டோ. அந்த ‘+1’ என்பது சாதாரண போல் பேரிங்கே இல்லை. கைபிடி பின்பக்கமாகச் சுழலாமல் தடுக்கும் உருளைக் கிளட்ச் அது. மிச்சமெல்லாம் கைபிடிக் குமிழுக்குள்ளும் நூல் சுற்றியிருக்கும் ஸ்பூலின் கீழும் போவது. மலிவு ரீல் செய்கிறவர் எண்ணைக் கூட்டுவதற்காக அங்கேயெல்லாம் விலை குறைந்த, மூடியில்லாத பேரிங்கை அடைத்துவிடுகிறார். கடலோரத்தில் அது ஒவ்வொன்றும் துருப்பிடிக்க இன்னோர் இடம். பென் ஸ்பின்ஃபிஷர் 6இல் இருப்பது 5+1. டைவா பிஜியில் 6+1. இரண்டும் கடலில் அடிபட்டு உழைக்கிற ரீல்கள். ஷிமானோ ஸ்டெல்லா எஸ்டபிள்யூவில் 14+1 இருக்கிறதே என்று கேட்பவர் அதன் விலையையும் ஒருமுறை பார்க்கட்டும். அங்கே காசு போவது எண்ணிக்கைக்கு இல்லை, கியருக்கும் நீர்க்காப்புக்கும். கடைக்காரரிடம் எத்தனை பேரிங் என்று கேட்காதீர்கள். பேரிங்குக்கு ரப்பர் மூடி உண்டா, நூலைச் சுற்றும் ரோட்டருக்குக் கீழே ரப்பர் சீல் உண்டா, ஸ்பூலுக்குள் டிராக் (மீன் இழுக்கும்போது நூலை அளவாக விடும் பிரேக்) வாஷர்களுக்கு மேல் சீல் உண்டா என்று கேளுங்கள்.

நீர்க்காப்பு என்றதும் அடுத்த தவறு. நீர்க்காப்புத் தர எண்ணில் ஐபிஎக்ஸ் 5 என்றால் 6.3 மில்லிமீட்டர் குழாய் முனையிலிருந்து நிமிடத்துக்கு 12.5 லீட்டர் வீதம் பாய்ச்சும் தண்ணீரைத் தாங்கும் என்று அர்த்தம். தண்ணீரில் அமிழ்த்தலாம் என்று அர்த்தம் இல்லை. ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் என்பது ஐபிஎக்ஸ் 7. அதுவும் நல்ல தண்ணீரில் செய்யும் சோதனை. ரப்பர் தேயத் தேயக் காப்பும் குறையும். பாறையில் அலைத்தூறல்தான் அன்றாடப் பிரச்சினை, அதற்கு 5 போதும். பாறைக்குழியில் தேங்கிய உப்புத் தண்ணீரில் ரீலை முக்கி மணல் அலசுகிறவருக்கு எந்த எண்ணும் போதாது.

உடல் உலோகமாக இருக்கட்டும். பிளாஸ்டிக் உடல், பாரை மீன் கீழே இழுக்கும்போது வளைகிறது. கியர் இரண்டும் விலகிப் பல் தின்னத் தொடங்கும். கைபிடி திருகிப் பூட்டுவதாக இருக்க வேண்டும், மடிக்கும் கைபிடி சீக்கிரம் ஆட்டம் காணும்.

டிராக்கைப் பற்றி. பெட்டியில் 15 கிலோ, 20 கிலோ என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். 50 இறாத்தல் பிரெய்ட் (பின்னல் நூல்) என்றால் கிட்டத்தட்ட 23 கிலோ. டிராக் வைக்க வேண்டியது அதில் கால்பங்கு முதல் மூன்றிலொரு பங்கு, அதாவது ஐந்தரையிலிருந்து ஏழரைக் கிலோ. வீட்டிலேயே நூலைக் கொக்கித் தராசில் மாட்டி இழுத்து, டிராக்கை அந்த அளவுக்கு வைத்துக்கொண்டு போங்கள். வழுக்குப் பாறையில் நின்று 15 கிலோ இழுவையைப் பிடித்தால் மீன் மேலே வராது, ஆள்தான் கீழே போவார். பார்க்க வேண்டியது அதிகபட்ச எண்ணையல்ல, தொடக்கத்தை: நூலை மெதுவாக இழுத்தால் டிராக் திக்காமல், ஒரே சீராக வழுக வேண்டும். கார்பன் வாஷர் இதற்கு நல்லது.

‘டிராக் போய்விட்டது’ என்று வருகிற ரீல்களில் பலவற்றில் டிராக்குக்கு ஒன்றும் ஆகியிருக்காது. வழுக்கும் பிரெய்டை வெறும் ஸ்பூலில் நேரே சுற்றியிருப்பார்கள். நூல்கட்டு முழுவதும் ஸ்பூலின் மேல் சுழலும். அடியில் பத்துப் பதினைந்து சுற்று தங்கூசி (நைலோன் நூல்) போட்டு அதன்மேல் பிரெய்டைச் சுற்றினால் தீர்ந்தது. விளிம்புக்கு இரண்டு மில்லிமீட்டர் கீழே நிறுத்துங்கள், வழியவழியச் சுற்றினால் வீசும்போது முடிச்சு விழும்.

அளவு எண் கம்பனிக்குக் கம்பனி மாறும், நூல் கொள்ளளவைப் பாருங்கள். இரை போட்டோ நடுத்தர லூர் (செயற்கை இரை) வீசியோ பாரை, சீலா பிடிக்கிறவருக்கு பிஇ 3 அல்லது 4 (பிரெய்டின் தடிப்பு எண்) நூல் 300 மீட்டர் கொள்ளும் ரீல் தாராளம். பெரிய பொப்பர் (தண்ணீர் மேல் இழுக்கும் லூர்) வீசுகிறவர் மட்டும் 8000 அளவுக்கு மேலே போகட்டும். ஒரு சுற்றுக்கு ஒரு மீட்டர் அளவில் நூல் ஏறினால் ஈயம் பாறை இடுக்கில் மாட்டுமுன் மேலே வந்துவிடும். நூலைப் பிடிக்கும் கம்பி வளையமான பெயிலைக் கையால் மூடிப் பழகுங்கள். கைபிடியைச் சுற்றி ‘டக்’ என்று மூடுவதால்தான் பெயில் சுருள்வில் உடைகிறது.

மீனை ரீலால் தூக்காதீர்கள். கம்பை உயர்த்தி, தாழ்த்தும்போது சுற்றுங்கள். கடைசித் தூக்கலுக்குக் கயிற்றில் இறக்கும் வலைக்கூடை வைத்திருங்கள். கம்பு கைநழுவிக் கீழே போனால் போகட்டும், தயவுசெய்து பின்னால் இறங்காதீர்கள். ரீல் எங்கேயும் வாங்கலாம். தூண்டில் எடுக்குமுன் பதினைந்து இருபது நிமிடம் அலையைப் பாருங்கள்; ஈரமாகத் தெரியும் பாறைக்கு அலை வரும் என்று அர்த்தம்.

வந்த பிறகு டிராக்கை இறுக்கிவிட்டு, பூவாளித் தூறலைப்போல மெல்லிய தண்ணீரால் கழுவுங்கள். சேர்விஸ் ஸ்டேஷன் துப்பாக்கித் தண்ணீர் உப்பை சீலைத் தாண்டி உள்ளே தள்ளும். துடைத்ததும் டிராக்கைத் தளர்த்தி நிழலில் வையுங்கள், காரின் டிக்கியில் அல்ல. லைன் ரோலருக்கு ஒரு துளி ரீல் எண்ணெய் விடுங்கள். முதலில் இறுகுவது அதுதான். தேங்காயெண்ணெய் நாளடைவில் பிசினாகும். டபிள்யூடி-40 இருக்கிற கிரீஸையும் கரைத்துவிடும். உருளைக் கிளட்சுக்குள் தடித்த கிரீஸ் போனால் கைபிடி பின்பக்கம் சுழன்று விரல் மொழியை உடைக்கும்.

வீட்டில் மூடியைக் கழற்றிப் பார்த்து, மிஞ்சிய வாஷர்களைப் பொலித்தீன் பையில் போட்டுக் கொண்டுவருகிறவர்களுக்கு ஒரு சொல்: அந்த மெல்லிய ஷிம் வாஷர்கள் எந்தப் பக்கத்தில் எத்தனை இருந்தன என்பதைப் பொறுத்துத்தான் கியர்கள் பொருந்தும். கழற்றுவதானால் ஒவ்வொரு படியையும் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு கழற்றுங்கள்.