மே மாதத்தில் மிளகாய்ச் செடி ஏன் பூவைக் கொட்டுகிறது?

புதுச்சேரியில் மொட்டை மாடியில் மிளகாய் வளர்க்கிற எல்லோருக்கும் ஒரே புகார்தான். மாசியில் செடி குலுங்கக் குலுங்கக் காய்க்கிறது, பங்குனியில்கூட பரவாயில்லை, சித்திரை பாதியைத் தாண்டியதும் தொட்டியைச் சுற்றித் தரையெல்லாம் வெள்ளைப் பூ. செடி பச்சைப்பசேலென்றுதான் நிற்கிறது, மொட்டும் வைத்துக்கொண்டேதான் இருக்கிறது, காய் மட்டும் பிடிக்க மாட்டேன் என்கிறது. உடனே ஒருவர் சத்துக் குறைவு என்பார், இன்னொருவர் மோரில் பெருங்காயம் கரைத்துத் தெளி என்பார், பக்கத்து வீட்டு அக்கா "கண்ணு பட்டிருக்கும் தம்பி, பழைய செருப்பு ஒண்ணைக் கட்டித் தொங்கவிடு" என்பார். செருப்பால் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் கோளாறு இருப்பது பூவுக்குள்ளே, மகரந்தத் தூளில்.

விரிந்த பூ ஒன்றைக் காலையில் நிமிர்த்திப் பாருங்கள். நிமிர்த்தித்தான் பார்க்கவேண்டும், ஏனென்றால் பெரும்பாலான மிளகாயில் பூ தலையைக் கவிழ்த்துக்கொண்டுதான் இருக்கும். ஐந்தோ ஆறோ வெள்ளை இதழ், நடுவில் ஊதாவும் நீலமும் கலந்த மகரந்தப் பைகள், அவற்றுக்கு நடுவே பச்சை நுனியோடு பெண் பாகமான சூல்முடி. பூ விரிந்து கொஞ்ச நேரத்தில் அந்தப் பைகள் நீளவாக்கில் வெடித்து, ஊதா நிறத்தின் மேல் வெளிர் தூள் படிந்திருக்கும். அதில் கொஞ்சம் சூல்முடியில் ஒட்டினால் போதும். ஆணும் பெண்ணும் ஒரே பூவில் இருப்பதால் தேனீ வந்துதான் ஆகவேண்டும் என்றில்லை, மாடிக் காற்றில் கிளை ஆடினாலே வேலை நடந்துவிடும்.

ஒட்டிய தூள் அங்கேயே முளைக்கிறது. மெல்லிய குழாய் ஒன்று சூல்முடியைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கி, சூலகத்தில் இருக்கும் சூலைத் தொட்டு, விதை உருவாக ஆரம்பிக்கிறது. இளம் விதை சும்மா இருப்பதில்லை, ஆக்சின் என்ற ஹார்மோனைச் சுரந்து காம்பு வழியாகச் செடிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த ஆக்சின் வருகிற வரைக்கும் செடி காம்பை விடாது. வரத்து நின்றால் எத்திலீன் என்ற இன்னொரு ஹார்மோனின் கை ஓங்கும், காம்பின் அடியில் ஒரு மெல்லிய அடுக்கில் செல்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரியும், பூ விழுந்துவிடும். கீழே கிடக்கும் பூவில் காம்பு மஞ்சளடித்து, கத்தியால் வெட்டினாற்போல முனை சுத்தமாக இருந்தால் இதுதான் நடந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். செடியே யோசித்துக் கழற்றிவிட்ட பூ அது.

சரி, ஆக்சின் ஏன் வரவில்லை? விதை உருவாகவில்லை. விதை ஏன் உருவாகவில்லை? மகரந்தம் மலடாகிவிட்டது. மிளகாயில் மகரந்தம் தயாராவது பூ விரிகிற அன்றைக்கு இல்லை, அதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் முன்பே, மொட்டு மிளகு அளவுகூட இல்லாத பருவத்தில். அந்த நேரத்தில் பகல் வெப்பம் 33, 34 டிகிரியைத் தாண்டித் தொடர்ந்தால் தூள் சரியாக உருவாகாது. வெளியே பார்க்கப் பூ அழகாகத்தான் இருக்கும், உள்ளே தூளில் முளைக்கத் தெம்பு இருக்காது. இன்றைக்கு விழுகிற பூ இரண்டு வாரம் முன்பு அடித்த வெயிலுக்குப் பலியானது என்பதால்தான், கோடை மழை ஒன்று பெய்து ஊரே குளிர்ந்த பிறகும் பூ கொட்டுவது உடனே நிற்பதில்லை. அந்த இடைவெளியில் நாம் எதையாவது தெளித்துவிட்டு, பிறகு தானாகவே காய் பிடிக்கும்போது தெளித்ததன் பெருமை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறோம்!

பகலை விட எனக்குப் பெரிய சந்தேகம் இரவின் மேல்தான். இரவு வெப்பம் 24 டிகிரிக்கு மேலேயே நின்றால் காய்ப்பிடிப்பு குறைய ஆரம்பிக்கும். பகலில் இலை சமைத்த சர்க்கரையை இரவில் செடி சுவாசத்துக்குச் செலவழிக்கிறது, வெப்பம் ஏற ஏறச் செலவும் ஏறும், மொட்டுக்கும் பிஞ்சுக்கும் போகவேண்டிய பங்கு குறையும். புதுச்சேரியில் ஜனவரி இரவு சராசரியாக 21, 22 டிகிரிக்கு இறங்கும், மே மாதத்தில் சராசரியே 26, 27 டிகிரி. கடல் பக்கத்திலேயே இருக்கிறதே, காற்று வருகிறதே என்பீர்கள். கடல் காற்று மதியம் எழுந்து பகல் வெப்பத்தை அடக்கும், அது உண்மை, மேற்குக் காற்று வலுத்துக் கடல் காற்றைத் தடுக்கிற நாளில்தான் 40 டிகிரி அடிக்கும். ஆனால் அதே கடல்தான் காற்றில் ஈரத்தை நிறைத்து இரவைக் குளிரவிடாமல் செய்கிறது. போதாக்குறைக்கு மாடித் தளம். பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் ராத்திரி பத்து மணிக்கும் காலைச் சுடுகிறது, அதன் மேல் நேராக வைத்த குரோ பேக்கில் வேருக்கு எப்படி இருக்கும்?

அதனால் கத்திரி வெயிலில் செய்ய வேண்டியது செடியை இடம் மாற்றுவதுதான். கிழக்குப் பார்த்த பக்கம், காலை வெயில் மட்டும் படுகிற இடம், முடிந்தால் மண் தரை. மாடியை விட்டால் வழியில்லை என்றால் தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, மேலே 50 சதவீத நிழல் வலை கட்டுங்கள். விவசாயிகள் நாப்தலின் அசிட்டிக் அமிலத்தை லிட்டருக்கு 10 மில்லிகிராம் என்ற கணக்கில் தெளிப்பதுண்டு, அதுவும் ஆக்சின் வகைதான், விதை அனுப்பாத செய்தியை நாம் வெளியிலிருந்து அனுப்புவது போல. காம்பு நிற்கும், ஆனால் விதையில்லாத காய் சிறுத்துக் கோணிக்கொண்டு போகும். வீட்டுக்கு நாலு செடி வைத்திருப்பவருக்கு இது தேவையா என்றால், தேவையில்லை என்பேன். பூ கொட்டுகிற நேரத்தில் யூரியா போடுவதும் வீண், தழைச்சத்து கூடினால் இலைதான் கூடும்.

இன்னொன்றும் இருக்கிறது. முதல் பூ எங்கே வருகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? நாற்று ஒற்றைத் தண்டாக வளர்ந்து, பத்துப் பன்னிரண்டு இலை விட்டதும் நுனியில் பூ வைக்கும். அதோடு அந்தத் தண்டின் வளர்ச்சி முடிந்தது. பூவுக்கு இரு பக்கமும் இரண்டு கிளை கவட்டையாகப் பிரியும், ஒவ்வொரு கிளையும் ஓரிரு இலை விட்டு மறுபடி நுனியில் பூ வைத்து மறுபடி பிரியும். ஆக, கணுவுக்கு ஒரு பூ, கிளை பிரியப் பிரியப் பூ பெருகும். முதல் கவட்டையில் வருகிற பூவைக் கிள்ளிவிடச் சொல்வது இதனால்தான், சின்னச் செடி அந்த ஒரு காயை வளர்ப்பதில் சக்தியைச் செலவழித்தால் கிளை பிரிவது தாமதமாகும். காயைப் பச்சையாகவே பறித்துக்கொண்டிருந்தால் செடி மேலும் பூக்கும், பத்துக் காயைப் பழுக்க விட்டால் அந்தக் காய்களே புதுப் பூவை அடக்கி வைக்கும்.

தண்ணீர் பற்றி, குறிப்பாக நம் ஊர்த் தண்ணீர் பற்றிச் சொல்லியாக வேண்டும். புதுச்சேரி, கடலூர்க் கரையோரம் போர் போட்டு உறிஞ்சி உறிஞ்சிப் பல இடங்களில் கடல் நீர் நிலத்தடியில் உள்ளே வந்துவிட்டது. மிளகாய் உப்பைத் தாங்காத செடி. மண்ணில் உப்பு ஏறினால் ஈரம் இருந்தும் வேரால் இழுக்க முடியாது, இலை ஓரம் கருகும், பூவும் கொட்டும். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டினால் அதுதான் அடையாளம். வாரம் ஒருமுறை அடித்துளை வழியாக நன்றாக வடிகிற அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்றி உப்பைக் கழுவிவிடுங்கள். ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பிடித்து வைத்தால் அதில் உப்பே கிடையாது, கோடையில் மிளகாய்க்கு அதைவிட நல்ல தண்ணீர் எது? ஒரு நாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றுவதும் கூடாது. கால்சியம் தண்ணீரோடுதான் காய்க்குப் போய்ச் சேர்கிறது, வரத்து விட்டு விட்டு இருந்தால் காயின் நுனி பழுப்பாகி அழுகும். பீச்சில் பஜ்ஜி போடுகிறார்களே, அந்தப் பெரிய மிளகாயிலும் குடை மிளகாயிலும் இது அதிகம்.

இலை சுருண்டாலும் பூ நிற்காது. மேல்நோக்கிப் படகு போலச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கி மடங்கிக் காம்பு நீண்டால் சிலந்திப்பேன். வெள்ளைத் தாளைக் கீழே பிடித்து நுனிக் கொழுந்தைத் தட்டினால் இலைப்பேன் மஞ்சள் கோடாக ஊர்வது தெரியும், சிலந்திப்பேனைப் பார்க்கப் பூதக்கண்ணாடி வேண்டும். வேப்பெண்ணெயை லிட்டருக்கு 5 மில்லி, துளி சோப்புக் கரைசலோடு சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் படும்படி அடியுங்கள். செடியே குட்டையாகி, இலை சிறுத்து மஞ்சளாகத் தடித்துப் போனால் அது வெள்ளை ஈ பரப்பிய வைரஸ். மருந்து கிடையாது, பிடுங்கி எறிவதுதான் மற்ற செடிகளுக்கு நல்லது.

இவ்வளவும் தாண்டிக் காய் பிடித்தால் அப்புறம் காரம். காரம் விதையில் இருக்கிறது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். காயை நீளமாகக் கீறிப் பாருங்கள், விதைகள் ஒட்டியிருக்கும் வெள்ளைச் சதை இருக்கிறதே, காரத்தைத் தருகிற காப்சைசின் என்ற பொருள் உருவாவது அங்கேதான், விதையில் இருப்பது அதிலிருந்து ஒட்டிக்கொண்டது. நம் நாக்கில் 43 டிகிரிக்கு மேல் சூட்டை உணர்கிற டிஆர்பிவி1 என்ற உணர்வி ஒன்று உண்டு, காப்சைசின் அதைத் திறந்துவிடுவதால் சுடாததைச் சுட்டதாக மூளை நம்புகிறது. 1997-இல் இதைக் கண்டறிந்த அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. பறவைகளின் உணர்விக்குக் காப்சைசின் தட்டுப்படாது, அதனால்தான் கொண்டைக்குருவி பழுத்த ஊசி மிளகாயை அலட்டிக்கொள்ளாமல் விழுங்கிவிட்டு, விதையை முழுசாகக் கொண்டுபோய் வேறெங்கோ போடுகிறது. நம்மைப் போல மென்று விதையை அரைக்கிற பிராணிகளை விரட்டத்தான் அந்தக் காரம்.

பஜ்ஜி மிளகாய்க்குப் பக்கத்தில் குண்டு மிளகாய் வைத்தால் பஜ்ஜி மிளகாய் காரமாகிவிடும் என்றும் சொல்கிறார்கள். இந்த வருடக் காயில் அது நடக்காது. காரம் உண்டாகிற வெள்ளைச் சதை முழுக்கத் தாய்ச் செடியின் சதை, அடுத்த செடியின் மகரந்தத்துக்கு அதில் பங்கில்லை. பங்கு விதையில் மட்டும்தான், அந்த விதையைப் போட்டு முளைக்கிற செடியில் வேண்டுமானால் காரம் மாறும். ஆனால் தண்ணீர் கொஞ்சம் காய்ந்தால் பல ரகங்களில் காரம் கூடும், கோடையில் தப்பிப் பிழைத்த நாலு காய் கண்ணில் நீர் வரவழைப்பதற்கு அது ஒரு காரணம்.

இந்த ஊர்க் கணக்குப்படி பார்த்தால் விதை போட மார்கழிதான் வசதி. ஐப்பசி, கார்த்திகை மழையில் வேர் மூச்சுத் திணறி அழுகிவிடும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெங்கல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது, அதில் எந்தத் தொட்டி வடியும்? நன்றாகச் சிவந்த பழத்தின் விதையைக் காயவைத்துப் போடுங்கள், பச்சைக் காயின் விதை பெரும்பாலும் முளைக்காது. நாற்றைத் தை மாதம் பெரிய தொட்டிக்கு மாற்றினால் குளிர்ந்த இரவுகள் இருக்கும்போதே முதல் சுற்றுப் பூ வந்துவிடும். கத்திரி வெயிலில் செடி காய்க்காவிட்டால் பிடுங்கி எறிய வேண்டாம், மிளகாய் ஒரு வருடத்தோடு சாகிற செடி இல்லை. ஆனி, ஆடியில் சாயங்கால மழை ஆரம்பித்ததும் கிளைகளைப் பாதிக்கு மேல் வெட்டிக் கவாத்து செய்து, இரண்டு கை மண்புழு உரம் போட்டு விடுங்கள். பழைய கட்டையிலிருந்து வருகிற துளிர் புது நாற்றை விடச் சீக்கிரம் பூக்கும்.