மாட் சூட்டின் சூட்சுமம் தோளில்

1960களின் தொடக்கத்தில் வெஸ்பா, லாம்ப்ரெட்டா ஸ்கூட்டர்களில் லண்டனைச் சுற்றிய, உடையில் மிடுக்குக் காட்டிய ‘மாட்’ (Mod) என்ற இளைஞர் கூட்டத்தின் படங்களைப் பார்த்தால், ஒல்லியான லாப்பலும் (கோட்டின் மார்பில் மடிந்து கிடக்கும் காலர் பட்டை) மூன்று பொத்தானும் ஒடுங்கிய பேன்ட்டும்தான் முதலில் கண்ணில் படும். படத்தைக் காட்டினால் எந்த டெய்லரும் இவற்றை அப்படியே தைத்துவிடுவார். அப்படியும் சில கோட்டுகளில் அந்தக் களை வருவதில்லை. கோளாறு பெரும்பாலும் தோளில் இருக்கும்.

கோட்டின் பாரத்தைச் சுமப்பது கழுத்தடியும் தோளும்தான். மார்பும் இடுப்பும் அதைத் தொடும், தாங்காது. ஆகவே தோள் எங்கே முடிகிறதோ அங்கிருந்துதான் துணி கீழே விழும். 1940களின் கோட்டுகளில் தோள் எலும்பைத் தாண்டி வெளியே நீளும், உள்ளே தடித்த பேட் இருக்கும். ஆளைப் பார்த்தால் மேலே அகலம், கீழே ஒடுக்கம். மாட் கோட்டில் தோள் எலும்பின் முனையோடு நின்றுவிடுகிறது. பேடும் மெல்லியது, சிலவற்றில் பெயருக்குத்தான். அகலம் காட்ட எதுவும் இல்லாததால் உருவம் தலையிலிருந்து கால்வரை நெடுக ஓடுவதுபோல் தெரிகிறது. லாப்பல் ஒல்லியாக இருப்பதும் இதனால் பொருந்துகிறது. குறுகிய தோளில் அகல லாப்பல் வைத்தால் அது கிட்டத்தட்ட கைத்தையலைத் தொட்டுவிடும்.

இந்த வெட்டுக்கு இரண்டு ஊற்றுகள். ஒன்று ரோம். 1945இல் அங்கே தொடங்கிய பிரியோனி என்ற தையல் நிறுவனம், 1952இல் ஃபிளாரன்ஸின் பிட்டி அரண்மனையில் ஆண்களின் உடைகளை மேடையேற்றியது. அந்த இத்தாலியக் குட்டைக் கோட்டு 50களின் பிற்பாதியில் லண்டனுக்கு வந்தது. இன்னொன்று அமெரிக்கா. மாட்கள் கொண்டாடிய மைல்ஸ் டேவிஸ் போன்ற ஜாஸ் கலைஞர்கள் அணிந்த, பேட் அதிகமில்லாத இயல்பான தோள்.

இனி ஆர்ம்ஹோல், அதாவது கோட்டின் உடலில் கை வந்து சேரும் திறப்பு. என்னைக் கேட்டால் மாட் கோட்டின் உயிர் இங்கேதான். ஆர்ம்ஹோல் பெரிதாக இருந்தால் கை தாராளமாக அசையும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். நடப்பது நேர்மாறு. கை சுழலும் மையம் தோள் மூட்டு. ஆர்ம்ஹோலின் அடி அக்குளை ஒட்டி இருந்தால் அது மையத்துக்குப் பக்கம், கையைத் தூக்கினாலும் அதிகம் நகராது. அதையே ஐந்து செ.மீ. கீழே இறக்கினால், அங்கிருந்து மணிக்கட்டுவரை உள்ள கையின் உட்பக்கத் துணிக்கு நீளம் பற்றாமல் போகும். பற்றாததை அது கோட்டின் விலாவிலிருந்து இழுத்துக்கொள்ளும். கோட்டு மேலேறும், காலர் கழுத்தைவிட்டு விலகும். ஸ்கூட்டர் ஹேண்டிலைப் பிடித்தபடியே உடம்பை ஒட்டி நிற்க வேண்டிய கோட்டுக்கு உயர்ந்த ஆர்ம்ஹோல் இல்லாமல் முடியாது.

அப்புறம் கோட்டின் கையை ஆர்ம்ஹோலில் பொருத்தித் தைப்பது. தேங்காயைத் தாளில் சுற்றினால் தாள் கசங்கும் அல்லவா, தோளின் உருண்டையில் துணிக்கும் அதே சங்கடம்தான். அதனால் கையின் மேல்விளிம்பை ஆர்ம்ஹோலைவிட மூன்று, நான்கு செ.மீ. நீளமாக வெட்டி, கூடுதலை ஆவி இஸ்திரியால் சுருக்கித் தைப்பார்கள். கம்பளி ஒரு புரதம். சூடும் ஈரமும் சேர்ந்தால் அதன் மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு இடையிலான ஹைட்ரஜன் பிணைப்புகள் விடுபட்டு இழை இளகும். ஆறிக் காய்ந்ததும் பிணைப்புகள் புதிய இடத்தில் கூடும், வடிவம் நிற்கும்.

வம்பு என்னவென்றால், மாட்களின் ஆசைத் துணி மோஹேர் கலந்தது. பாவு (நீளவாட்டு நூல்) ஒரு நிறம், ஊடை (குறுக்குவாட்டு நூல்) வேறு நிறமாக நெய்திருந்தால் நடக்கும்போது நிறம் மாறி மாறி மின்னும். மோஹேர் அங்கோரா ஆட்டின் மயிர். வழுவழுப்பு, விறைப்பு, சுருளும் குறைவு. இறுக்கமாக நெய்த அந்தத் துணி ஆவிக்குச் சட்டென்று மசியாது. கம்பளிக்கு வைக்கும் அளவு கூடுதலை இதில் வைத்தால் தோள் விளிம்பில் கொசுவம் கொசுவமாக நிற்கும். பளபளப்பு வேறு அதை எடுத்துக் காட்டிக்கொடுக்கும். கைதேர்ந்த கட்டிங் மாஸ்டர் கூடுதலைக் குறைத்து, அந்தக் குறையை ஆர்ம்ஹோலின் வளைவில் ஈடுகட்டுவார்.

குறுகிய தோள் எல்லாருக்கும் ஒத்துவராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தோள் தசை எலும்பைத் தாண்டிப் புடைத்திருந்தால் அது கைத்துணியை வெளியே தள்ளும், தையலுக்குக் கீழே ஒரு பள்ளம் விழும். ஜிம்முக்குப் போகிறவர் தோளை ஒரு செ.மீ. வெளியே கொண்டுவருவது நல்லது. சரிவும் முக்கியம். ஆளின் தோள் கோட்டின் தோளைவிட நிமிர்ந்திருந்தால் பின்கழுத்தில் காலருக்குக் கீழே குறுக்குமடிப்பு விழும். கோட்டின் தோளைவிடச் சரிந்திருந்தால் கழுத்திலிருந்து அக்குள் பக்கம் சாய்வாக மடிப்பு ஓடும்.

பழைய பெரிய கோட்டை வாங்கி மாட் ஆக்கப் பார்ப்பவர்கள் இடுப்பைப் பிடிக்கலாம், நீளத்தையும் ஓரளவு குறைக்கலாம். தோளைக் குறைக்க வேண்டுமென்றால் கை, லைனிங், பேட் எல்லாவற்றையும் பிரித்தாக வேண்டும். இறங்கிப்போன ஆர்ம்ஹோலை மேலே ஏற்றவே முடியாது, ஏற்கெனவே வெட்டிப் போட்ட துணி திரும்பக் கிடைக்காது.