வசாபி மட்டும் ஏன் மூக்கில் ஏறுகிறது?

வேலை முடிந்த மாலையில் ஒரு தம்பதி சோறும் மீனும் சேர்ந்த ஜப்பானிய உணவான சுஷி சாப்பிட உட்கார்ந்தால், இருவரில் ஒருவராவது தட்டோரத்து வசாபி என்ற பச்சை விழுதைத் தாராளமாக எடுத்துவிடுவார். அடுத்த நொடியே மூக்குக்குள் சுரீரென்று ஏறும், கண் கலங்கும். எதிரே இருப்பவர் பதறித் தண்ணீரை எடுத்துக் கொடுப்பதற்குள் எல்லாம் அடங்கியும் விடும். மிளகாய் இப்படி விட்டுக்கொடுக்காது. நாக்கைப் பிடித்தால் சில நிமிடங்களாவது படுத்தி எடுக்கும்.

மிளகாயின் கேப்சைசின் எளிதில் ஆவியாகாத மூலக்கூறு. பட்ட இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். வசாபியின் எரிச்சலுக்குக் காரணமான அல்லைல் ஐசோதயோசயனேட் மிகச் சிறியது, வாயின் சூட்டிலேயே ஆவியாகும். அந்த ஆவி தொண்டையின் பின்பக்க வழியாக மூக்குக்குள் ஏறுகிறது. மூச்சு விட விட வெளியேறியும் விடுகிறது.

இதைவிட எனக்கு வியப்பளிப்பது வேறொன்று. நறுக்காத வசாபித் தண்டில் இந்தக் காரம் அநேகமாக இல்லவே இல்லை! கிழங்கு போலத் தெரியும் அந்தத் தண்டின் திசுக்களில் சினிக்ரின் என்ற பொருள் ஓரிடத்திலும், மைரோசினேஸ் என்ற நொதி வேறிடத்திலும் தனித்தனியே இருக்கின்றன. பூச்சி கடித்தாலோ, நாம் துருவினாலோ செல்கள் உடைந்து இரண்டும் கலக்கின்றன. அப்போதுதான் காரம் பிறக்கிறது. கடிக்க வரும் பூச்சிக்காகச் செடி வைத்திருக்கும் ஆயுதம் இது. கடுகும் முள்ளங்கியும் இதே குடும்பம்தான், இதே உத்திதான். ஜப்பானில் தேர்ந்த சமையல்காரர்கள் சுறாத்தோல் ஒட்டிய பலகையில் வசாபியை வட்டமாக, நிதானமாகத் தேய்ப்பதற்கும் இதுவே காரணம். எவ்வளவு நைசாகத் துருவுகிறோமோ அவ்வளவு செல்கள் உடையும். ஆனால் துருவிய கால் மணி நேரத்திலேயே மணம் குறையத் தொடங்கும்.

சரி, உடலுக்குள் என்ன நடக்கிறது? மூக்கிலும் வாயிலும் பரவியிருக்கும் வலி நரம்புகளில் டிஆர்பிஏ1 என்ற புரத வாயில் இருக்கிறது. வசாபி மூலக்கூறு அதனுடன் வேதிப்பிணைப்பே கொண்டு அதைத் திறக்கிறது. மூளைக்கு எரிச்சல் செய்தி போகிறது. கடுகெண்ணெயின் காரப்பொருள் இந்த வாயிலைத் திறப்பதை 2004-இல் காட்டிய குழுக்களில் அமெரிக்க ஆய்வாளர் டேவிட் ஜூலியஸின் குழுவும் ஒன்று. மிளகாய்க்கான டிஆர்பிவி1 வாயிலை 1997-இல் கண்டறிந்ததும் அவர் குழுதான். 2021-இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கண்ணீர்ப்புகையும் டிஆர்பிஏ1-ஐத்தான் தூண்டுகிறது. அதாவது இது சுவை உணர்வு அல்ல, அபாய அறிவிப்பு. இதை நம்பியே ஜப்பானியக் குழுவொன்று வசாபி ஆவியைப் பரப்பும் தீ எச்சரிக்கைக் கருவியை உருவாக்கியது. மணியோசை கேட்காத, காது கேளாதவர்களைத் தூக்கத்திலிருந்து எழுப்ப அது உதவும். 2011-இல் அதற்கு இக் நோபல் பரிசு கிடைத்தது. சிரிக்க வைத்துப் பிறகு சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்கான பரிசு அது.

ஜப்பானுக்கு வெளியே உணவகங்களில் கிடைப்பது பெரும்பாலும் குதிரை முள்ளங்கியும் கடுகும் பச்சை நிறமும் சேர்ந்த கலவை. காரப்பொருள் அதிலும் அதேதான் என்பதால் மூக்கு ஏமாந்துபோகிறது. உண்மையான வசாபி, குளிர்ந்த ஓடும் நீரில் ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் வளர வேண்டியது. ஜப்பானின் ஷிசுவோகா பகுதியின் பாரம்பரிய வசாபிச் சாகுபடியை ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2018-இல் உலக வேளாண் மரபாக அங்கீகரித்தது. அசலில் வேறு சில ஐசோதயோசயனேட்டுகளும் இருப்பதால் காரத்தோடு பசுமையான ஒரு வாசனையும் இனிப்பும் வரும்.

அதனால்தான் அதைச் சோயா சாஸில் கரைப்பதை நான் வீண் என்பேன். மணம் சாஸில் பரவி அங்கேயே போய்விடுகிறது. மீன் துண்டின் மேல் சிறிது வைத்து, மீனின் மறுபக்கத்தைச் சாஸில் தொட்டால் போதும். சோற்றுப் பிடியின் மேல் மீன் வைத்த நிகிரி சுஷி என்றால் சமையல்காரரே சோற்றுக்கும் மீனுக்கும் நடுவில் வைத்துவிடுவார், அங்கே ஆவி சீக்கிரம் தப்பாது. அப்புறம், கொழுப்பு மிகுந்த தோரோ என்ற சூரைத் துண்டுக்கு மட்டும் அவர் கூடுதலாக வைப்பதைக் கவனிக்கலாம். காரப்பொருள் கொழுப்பில் கரைந்துவிடுவதால், மற்ற மீனுக்கு வைக்கும் அளவு அங்கே உறைக்காது.