நனைந்த பார்சலும் முளைக்கும் உலோகமும்

வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார்: "ஆர்டர் செய்த லேப்டாப்பை, ஆள் இல்லாத நேரத்தில் வந்து வாசலிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ராத்திரி முழுக்கக் குளிரிலும் தூறலிலும் கிடந்திருக்கிறது. அட்டைப்பெட்டியின் மேல்பக்கம் ஊறிப்போயிருக்கிறது. உடனே பிரித்து ஆன் செய்து பார்த்துவிடவா, இல்லை அரிசி மூட்டைக்குள் வைக்கவா?"

இரண்டுமே வேண்டாம். அதிலும் முதலாவது வேண்டவே வேண்டாம். அரிசியால் பெரிய நன்மை இல்லை, அவ்வளவுதான். அவசரப்பட்டு ஆன் செய்வது, பிழைக்கவிருந்த பொருளை நம் கையாலேயே கெடுப்பது.

தண்ணீர் பட்டாலே எலக்ட்ரானிக்ஸ் காலி என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் சர்க்யூட் போர்டு செய்யும் ஆலைகள் பலவற்றில், பாகங்களைப் பற்றவைத்து முடித்ததும் முழு போர்டையும் அயனி நீக்கிய வெந்நீரில் கழுவுகிறார்கள். பிறகு நன்றாகக் காயவைத்து அடுத்த வேலைக்கு அனுப்புகிறார்கள். போர்டுக்கு ஒன்றும் ஆவதில்லை, ஏனென்றால் அந்த நேரத்தில் அதில் மின்சாரம் கிடையாது. தண்ணீர் தனியாக வந்தால் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளலாம். மின்னழுத்தத்தோடு கூட்டுச் சேர்ந்தால்தான் வினை.

முதலில், தண்ணீர் உள்ளே எப்படிப் போகிறது என்று பார்த்துவிடலாம். மழைநீர் அட்டை வழியாக ஊறி இறங்குவது கண்ணுக்குத் தெரியும். தெரியாமல் வருவது இன்னொன்று. குளிர்ந்த டம்ளரின் வெளிப்பக்கம் வேர்க்கிறதே, அதே கதைதான். வெப்பநிலை கூடக்கூடக் காற்றில் அதிக நீராவி தங்கும். குறைந்தால் மிச்சம் துளியாக இறங்கிவிடும். வீட்டுக்குள் 24 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 60 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கன மீட்டர் காற்றிலும் சுமார் 13 கிராம் நீராவி இருக்கும். 2 டிகிரி குளிரில் காற்றால் தாங்க முடிந்ததோ ஐந்தரை கிராம்தான். ஆக, 2 டிகிரியில் கிடந்த லேப்டாப்பைப் பிரித்து மேசையில் வைத்தால், அதைத் தொடும் காற்று தன்னிடமிருக்கும் ஈரத்தில் பாதிக்கு மேல் அதன்மேல் இறக்கிவைக்கும். மேல்மூடியில் மட்டும் அல்ல, விசிறித் துவாரம் வழியாக உள்ளே போய் போர்டின் மேலும்தான். இந்தக் காற்றின் பனிநிலை, அதாவது ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலை, சுமார் 16 டிகிரி. போர்டு அந்த வெப்பநிலையைத் தாண்டும்வரை துளி படிவது நிற்காது. சாதனங்களோடு வரும் கையேட்டின் கடைசிப் பக்கங்களில் 'ஈரம் துளியாகப் படியாத சூழலில் மட்டும்' என்று பொடி எழுத்தில் ஒரு நிபந்தனை இருக்கும். யாரும் படிப்பதில்லை.

இனி எனக்குப் பிடித்த இடம். போர்டின் மேல் அந்தத் துளிக்குள் என்னதான் நடக்கிறது?

அக்கம்பக்கமாக இரண்டு உலோகத் தடங்கள். இடையே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இடைவெளி. ஒன்றில் 5 வோல்ட், மற்றதில் சுழியம். 5 வோல்ட் ஒரு பெரிய விஷயமா என்று தோன்றும். ஆனால் அந்த இடைவெளிக்குள் இருக்கும் மின்புலத்தை மீட்டர் கணக்குக்கு மாற்றிப் பாருங்கள்: மீட்டருக்கு 50,000 வோல்ட். இரண்டு தடங்களையும் தொட்டுக்கொண்டு ஒரு துளி உட்கார்ந்திருக்கிறது.

பனித்துளி சுத்தமான தண்ணீர்தானே, அது மின்சாரத்தைக் கடத்தாதே என்று பள்ளிப்பாடம் நினைவுக்கு வரலாம். உண்மைதான், சுத்தமாகவே இருந்தால். ஆனால் பற்றவைக்கும்போது உலோகத்தைச் சுத்தம்செய்யப் பூசிய ஃபிளக்ஸ் என்ற பூச்சின் மிச்சம் போர்டில் கொஞ்சம் ஒட்டியிருக்கும். கழுவத் தேவையில்லை என்று விற்கப்படும் ஃபிளக்ஸ்களிலும் அடிபிக் அமிலம், சக்சினிக் அமிலம் போன்ற கரிம அமிலங்கள் உண்டு. காய்ந்திருக்கும்வரை அவை பரம சாது. துளி விழுந்ததும் கரைகின்றன, தண்ணீர் கடத்தியாகிவிடுகிறது.

இப்போது நேர்மின் பக்கத்துத் தடம் கரையத் தொடங்குகிறது. உலோக அணுக்கள் எலக்ட்ரானை உதறிவிட்டு அயனிகளாகித் தண்ணீருக்குள் இறங்குகின்றன. பாகங்களைப் போர்டோடு ஒட்டவைக்கும் உலோகக் கலவைதான் பற்றாசு. இன்று பரவலாகப் புழங்கும் ஈயமில்லாப் பற்றாசில் 96.5 சதவீதம் வெள்ளீயம், 3 சதவீதம் வெள்ளி, 0.5 சதவீதம் செம்பு. மூன்றுமே இப்படி இறங்கக்கூடியவை. இறங்கிய அயனிகள் மின்புலம் இழுத்த இழுப்புக்கு எதிர்க்கரைக்குப் போகின்றன. அங்கே எலக்ட்ரான் கிடைத்ததும் மறுபடி உலோக அணுவாகி அப்படியே ஒட்டிக்கொள்கின்றன.

ஒட்டுவது சமமாக இருந்தால் எதிர்த்தடம் கொஞ்சம் தடிக்கும், அதோடு சரி. ஆனால் சமமாக ஒட்டுவதே இல்லை. தற்செயலாக ஓரிடத்தில் நாலைந்து அணுக்கள் கூடுதலாகச் சேர்ந்து ஒரு சின்ன முனை துருத்திக்கொண்டு நிற்கும். கூர்மையான முனையில் மின்புலம் அடர்த்தியாக இருக்கும். தவிர, அந்த முனை மற்ற இடங்களைவிடச் சற்று முன்னால் நிற்பதால், வந்துகொண்டிருக்கும் அயனியை முதலில் பிடிப்பதும் அதுதான். பிடிக்கப் பிடிக்க நீளும். நீள நீள இன்னும் அதிகமாகப் பிடிக்கும். பின்னால் இருக்கும் பள்ளத்துக்கு ஒன்றும் மிஞ்சாது. வளரும் முனையின் பக்கவாட்டிலும் இதே தற்செயல், இதே துருத்தல். கிளை விடும், கிளையில் கிளை விடும். இருப்பவனுக்கே மேலும் சேர்கிற நியாயம், அணு அளவில்.

டாம் விட்டன், லியோனார்டு சாண்டர் என்ற இரு இயற்பியலாளர்கள் 1981-இல் இந்த வளர்ச்சியின் சாரத்தைக் கணினியில் வியப்பூட்டும் எளிமையோடு பிடித்துக் காட்டினார்கள். நடுவில் ஒரு புள்ளி. தொலைவிலிருந்து ஒரு துகள் குடிகாரன் நடையாகத் தள்ளாடி வருகிறது. நடுப்புள்ளியையோ, அதில் ஏற்கெனவே ஒட்டிய துகளையோ தொட்டால் ஒட்டிக்கொள்ளும். பிறகு அடுத்த துகள். வேறு விதியே கிடையாது. ஆயிரக்கணக்கில் துகள்களை விட்டுப் பார்த்தால் திரையில் கிளைபரப்பி நிற்கும் ஓர் உருவம் வரும். கோட்டின் பரிமாணம் ஒன்று, தளத்தின் பரிமாணம் இரண்டு. இதன் பரிமாணமோ ஒன்றும் இல்லை, இரண்டும் இல்லை, சுமார் 1.71. யாரும் வரைந்து கொடுக்காமல், வெறும் தற்செயலிலிருந்து இவ்வளவு ஒழுங்கு எப்படி வருகிறது என்று எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

இதை நேரிலும் பார்க்கலாம். கண்ணாடித் தகட்டின் மேல் இரண்டு மெல்லிய வெள்ளிக் கம்பிகளை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் ஒட்டி, நடுவே ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து, 9 வோல்ட் பேட்டரியை இணைத்து நுண்ணோக்கியின் கீழ் வையுங்கள். எதிர்மின் கம்பியில் முதலில் குமிழிகள் கிளம்பும். சில நிமிடங்களுக்குள் அந்தக் குமிழிகளுக்கு நடுவிலிருந்து கருஞ்சாம்பல் நிறத்தில் கிளைகள் எதிர்க்கம்பியை நோக்கி ஊர்ந்து வரும். கிட்ட வரவர இடைவெளி குறைந்து மின்புலம் ஏறும், வேகமும் ஏறும். கடைசித் துண்டு தூரத்தை ஓடியே கடந்துவிடும்.

தொட்ட கணம் ஷார்ட் சர்க்யூட். இங்கேதான் வேடிக்கை. மயிரிழையிலும் மெல்லிய அந்தக் கிளை வழியாகத் திடீரென்று மின்சாரம் பாய்வதால், சூடேறி அதுவே எரிந்து அறுந்துவிடுகிறது. சாதனம் பழையபடி வேலை செய்கிறது. ஈரம் இருந்தால் வேறோர் இடத்தில் மறுபடி வளரும், மறுபடி அறுபடும். நனைந்த சாதனம் 'நல்லாத்தானே ஓடிக்கிட்டிருந்தது, திடீர்னு நின்னுபோச்சு, மறுபடி வந்துடுச்சு' என்று ஆட்டம் காட்டுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனால் சாதுவாக ஓடுவதும் இதனால் இருக்கலாம். ஒரு நாள், அறுந்துபோகாத அளவுக்குத் தடித்த கிளை ஒன்று வளர்ந்துவிட்டால் போர்டு கருகிவிடும்.

தொலைபேசிச் சாதனங்களில் வெள்ளி இப்படி மின்காப்புப் பொருளின் வழியே நகர்ந்துபோய்த் தொல்லை கொடுப்பதை பெல் ஆய்வகத்தினர் 1955-லேயே விரிவாக எழுதிவிட்டார்கள். எழுபது ஆண்டுகள் ஆகின்றன. போர்டுகளில் இடைவெளி சுருங்கிக்கொண்டே போவதால் சிக்கல் வளர்ந்திருக்கிறதே தவிர, தேயவில்லை. இதுவும் உலோக அரிப்பில் ஒரு வகைதான். ஆனால் அரிப்பு பற்றிய ஆராய்ச்சி என்றாலே நிதி கொடுப்பவர்களுக்குக் கொட்டாவி வருகிறது. துருவைப் பற்றி என்ன படிப்பு என்கிற இளக்காரம். உலோக அரிப்பால் உலகுக்கு ஆகும் செலவை அரிப்பைத் தடுக்கும் பொறியாளர்களின் சங்கமான நேஸ் (NACE) 2016-இல் கணக்கிட்டுச் சொன்னது: ஆண்டுக்கு சுமார் 2.5 லட்சம் கோடி டாலர், உலகின் மொத்த உற்பத்தியில் 3.4 சதவீதம். இன்னும் சின்ன சில்லு செய்யக் கொட்டும் பணத்தில் ஒரு துளியை, செய்த சில்லு ஈரத்தில் தாக்குப்பிடிக்கும் வழிகளுக்கும் ஒதுக்கலாம் என்பது என் கட்சி.

சரி, அரிசி. சமையல் அரிசி பக்கத்துக் காற்றிலிருந்து கொஞ்சம் ஈரத்தை எடுக்கும். பொருளின் உள்ளே, சிப்புக்கு அடியில் சிக்கியிருக்கும் தண்ணீரை அதனால் இழுக்க முடியாது. போதாக்குறைக்கு மாவுத்தூசி துவாரங்களில் போய் அடையும். ஐபோனை அரிசிக்குள் வைக்காதீர்கள் என்று ஆப்பிள் நிறுவனமே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. பிறகு ஏன் பலருக்குப் பலித்தது? அரிசிக்குள் இருந்த ஒரு நாள் முழுக்க அந்த போனை யாரும் ஆன் செய்யவில்லை, சார்ஜ் போடவில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது. பேர் அரிசிக்குப் போய்விட்டது.

பெட்டியில் கூடவே வரும் சிலிகா ஜெல் பொட்டலம் உண்மையிலேயே கெட்டிக்காரப் பொருள். ஒரு கிராமுக்குள் ஒளிந்திருக்கும் நுண்துளைகளின் பரப்பு சில நூறு சதுர மீட்டர் வரும். ஈரமான காற்றில் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு நீரைப் பிடித்துவைக்கும். 10 லிட்டர் கொள்ளளவுள்ள மூடிய பைக்குள் இருக்கும் காற்றில், மேலே சொன்ன கணக்குப்படி 0.13 கிராம் நீராவிதான். 5 கிராம் பொட்டலம் ஒன்றே அதைத் துடைத்துவிடும். ஆனால் அரைக் கிலோ அட்டைப்பெட்டி தன் எடையில் பத்தில் ஒரு பங்கு மழையைக் குடித்திருந்தால் அதுவே 50 கிராம். பொட்டலம் அங்கே கைகொடுக்காது.

ஆகவே வாசகர் செய்ய வேண்டியது இது. வந்த நிலையிலேயே பெட்டியை எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஊறிய வெளி அட்டையை உடனே அகற்றிவிட வேண்டும். அதை வைத்திருந்தால் அறைச் சூட்டில் அதிலிருந்து கிளம்பும் நீராவி உள்ளேதான் போகும். உள்ளே பிளாஸ்டிக் உறை முழுதாக, ஈரமில்லாமல் இருந்தால் அதைத் தொடவே கூடாது. உறைக்குள் அடைபட்ட காற்று குளிர்ந்த காற்று. அதிலிருக்கும் நீராவி குறைவு. 2 டிகிரியில் முழுதும் ஈரம் நிறைந்த காற்றாகவே இருந்தாலும், 24 டிகிரிக்குச் சூடேறியதும் அதன் ஈரப்பதம் கால்வாசிக்கு இறங்கிவிடும். துளி படிய வழியே இல்லை. துளி படிவதெல்லாம் அந்த உறையின் வெளிப்பக்கத்தில் படிந்து தானே உலரும். எவ்வளவு நேரம்? ஃபோம் மெத்தைகள் வெப்பத்தை உள்ளே விடச் சோம்பல்படும், எனவே பல மணி நேரம். ராத்திரி வைத்துக் காலையில் பிரிப்பது உத்தமம். வெறும் குளிரில் மட்டும் கிடந்து, மழை படாத பெட்டியாக இருந்தால் அட்டையைக்கூடப் பிரிக்காமல் அப்படியே வைத்துவிடலாம். ஹீட்டர் பக்கத்தில் கொண்டுபோய் வைக்காதீர்கள்.

உறைக்குள்ளேயே தண்ணீர் தெரிந்தால் ஆன் செய்யும் பேச்சே வேண்டாம், திருப்பி அனுப்பும் பொருள் அது. திருப்ப வழியில்லாத பழைய பொருளாக இருந்தால், விவரம் தெரிந்தவரிடம் கொடுத்து, பேட்டரி இணைப்பைக் கழற்றி, 99 சதவீத ஐசோபுரப்பைல் ஆல்கஹாலால் போர்டைக் கழுவச் சொல்லலாம். அது தண்ணீரை அப்புறப்படுத்துவதோடு கரைந்த ஃபிளக்ஸ் மிச்சத்தையும் கூட்டிக்கொண்டு போகும்.

பேட்டரி பற்றி ஒரு வார்த்தை. உறைநிலைக்குக் கீழே கிடந்த லித்தியம் அயான் பேட்டரியைச் சார்ஜ் செய்தால், லித்தியம் அயனிகள் பேட்டரியின் எதிர்மின் முனையான கிராஃபைட்டுக்குள் நுழைய நேரமில்லாமல் அதன் மேலேயே உலோகமாகப் படியும். அங்கேயும் கிளை வளரலாம். நல்ல போன்களும் லேப்டாப்களும் குளிரில் சார்ஜ் ஏற்றத் தாமாகவே மறுத்துவிடும். மலிவான பவர் பேங்க் மறுக்கும் என்று சொல்ல முடியாது. வெயிலில் வெந்த பார்சலுக்கும் இதே பொறுமைதான்: ஆறிய பிறகு சார்ஜ்.

வாங்கியது போனாக இருந்தால் இன்னொரு சோதனை உண்டு. பல மாடல்களில் சிம் தட்டு இருக்கும் பொந்துக்குள் தண்ணீர் பட்டால் நிறம் மாறும் சின்னப் பட்டை ஒட்டியிருப்பார்கள். தட்டை வெளியே இழுத்து டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளையாகவோ வெள்ளி நிறத்திலோ இருந்தால் அந்த இடத்தைத் தண்ணீர் தொடவில்லை. சிவந்திருந்தால் படம் எடுத்து அன்றைக்கே புகார் கொடுத்துவிடுங்கள். சும்மா இருந்துவிட்டு ஆறு மாதம் கழித்து வாரண்டி கேட்டுப் போனால், நனைத்தது நீங்கள்தான் என்று ஆகிவிடும்.