ஆளுக்கொரு துண்டு

மேசைகளைச் சேர்த்துப் போட்டு நடுவில் மணிலா அட்டையை வைத்துவிட்டால் அது குழு நடவடிக்கை ஆகிவிடாது. பினாங்கில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இதைப் பல வருடமாகப் பார்த்து வருகிறேன். கையெழுத்து அழகாக உள்ள பிள்ளை எழுதும். துணிச்சலான பிள்ளை முன்னால் வந்து படைக்கும். மற்ற மூவரும் மார்க்கர் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருப்பார்கள். தமிழ் பேச வாய்ப்பு அதிகம் தேவைப்படுவது அந்த மூவருக்குத்தான். வீட்டில் மலாயும் ஆங்கிலமும் பேசி வரும் பிள்ளைகள் பெரும்பாலும் அவர்களே.

வாய் திறக்காமல் வேலை முடியாது என்ற நிலையை நாம்தான் உண்டாக்க வேண்டும். 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், வெவ்வேறு இனப் பிள்ளைகள் ஒட்டாமல் இருந்த வகுப்புகளுக்காக உளவியலாளர் எலியட் ஆரன்சன் உருவாக்கிய ஜிக்சா முறையின் உயிரே இதுதான். பாடத்தைத் துண்டாக்கி ஆளுக்கொன்று கொடுப்பது.

நான்காம் ஆண்டு வகுப்பில் தைப்பூசத்தை நான்காகப் பிரித்தேன்: வெள்ளி ரதம், தேங்காய் உடைப்பு, தண்ணீர்ப் பந்தல், முருகன் கோயில் உள்ள தண்ணீர்மலையின் படிகள். துண்டை யாருக்கும் காட்டக்கூடாது, வாயால்தான் சொல்ல வேண்டும். சொல் தெரியாவிட்டால் சுற்றி வளைத்தாவது தமிழிலேயே சொல்ல வேண்டும். 'பந்தல்' தெரியாத பையன், "நாலு கம்பு, மேல கூரை, சும்மா தண்ணி குடுப்பாங்க" என்றான். எனக்கு அது போதும்.

இன்னொன்று, முதுகோடு முதுகு உட்கார்ந்து படம் வரைவது. ஒருவர் படத்தைப் பார்த்துச் சொல்ல, மற்றவர் கேட்டு வரைய வேண்டும். "மரத்துல புலி தொங்குது" என்றாள் ஒருத்தி. தோழி கொஞ்சம் யோசித்து, கிளையில் வாலைச் சுற்றித் தொங்கும் புலியை வரிகளோடு வரைந்துவிட்டாள். இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்ததும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு தோழியே, "நாக்க மடக்குடி, புளி" என்று சொல்லிக்கொடுத்தாள். லகர ளகர வேறுபாட்டை நான் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதிப்போட்டிருக்கிறேன். அன்று பதிந்த மாதிரி என்றும் பதிந்ததில்லை.

பேசும்போது குறுக்கே போய்த் திருத்தாதீர்கள். பிழைகளைக் குறித்துக்கொண்டு கடைசி ஐந்து நிமிடத்தில், பெயர் சொல்லாமல் பேசுங்கள். சத்தம் வரும், பக்கத்து வகுப்பில் முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

முதல் தடவையே நால்வர் குழு வேண்டாம். இருவர், பத்து நிமிடம், ஒரே படம். அதில் பலா, குளம், வாழை மூன்றும் இருக்கட்டும்.